புங்கமரமாக ஆள் நின்ற வெள்ளிக்கிழமை

என் வீட்டை முதன்முதலில் ஷார்ஜா தொழில்பேட்டையில்தான் கட்டினேன். எங்கள் ஏசி ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், மணலில், சுண்ணாம்புத் தூளால்.

ஊரில் மனை பார்த்தவள் என் மனைவி. மெயின்ரோட்டு ஓரமாக வேண்டும் என்று கேட்டிருந்தேன். துபாய்க்காரன் வீடு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அவளோ நன்றாக உள்ளே தள்ளி, மழைத்தண்ணீர் தேங்காத மேட்டில், கண்மாய்க்குப் பக்கத்தில், புங்கமரம் நின்ற ஓர் இடத்தை முடித்துவிட்டாள். போனில் கேட்டதும் கார்டில் காசு தீரும்வரை கத்தினேன்.

சரி, மனை அவளுடையது, பிளானாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று, நான் ஏசி சர்வீஸுக்குப் போகிற அரபி வில்லா ஒன்றை அப்படியே அந்த மணலில் முழு அளவுக்கு வரைந்தேன். ஆளுயரத்துக்கு மேல் மதில், தபால்பெட்டி வாய் மாதிரி ஜன்னல், முன்னால் கார் ஷெட். காரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயம் அவள் விசிட் விசாவில் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை, ரூம் ஆட்கள் சூழ, வலதுகாலை எடுத்துவைத்துப் பிளானுக்குள் நடக்கச் சொன்னேன். ஹாலில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"காத்து எது வழியாங்க வரும்?"

"ஏசி வழியா."

"கரண்டு போனா?"

"அண்ணன் வாயாலயே ஊதிருவாரு அண்ணி" என்றான் ஒருவன்.

"மரம் எங்க?"

மரம் கார் ஷெட்டுக்குள் போயிருந்தது. ஷெட்டைக் கைகாட்டினேன். "யாராச்சும் மரமா வந்து நில்லுங்க" என்றாள். எங்களில் அகலமானவரான யாழ்ப்பாணத்து நண்பர் ஷெட்டில் போய்க் கைகளை விரித்து நின்றார்.

அவரை ஒருமுறை சுற்றிவந்தாள். பிறகு செருப்புக் காலால் என் சுவர்களை அழிக்கத் தொடங்கினாள்.

"கண்மாய்க் காத்து தெக்கேருந்து வரும், ஜன்னல் இங்க. மேக்கு வெயில மரம் வாங்கிக்கும். அடுப்படி அந்தப் பக்கம், புகை ஹாலுக்கு வராது."

இங்குள்ள பழைய வீடுகளில், காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் கோபுரத்தின் முன்னால் பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டவன் நான். என் வீட்டுக் காற்றை மட்டும் மதிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். அவள் மனை பார்க்கும்போதே வீட்டையும் பார்த்துவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது: மரத்தை அன்று காலையே வெட்டிவிடும்படி ஊரில் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்!

போன் கார்டைச் சுரண்டிய வேகத்தில் பாதி நம்பரையும் சுரண்டிவிட்டேன். ஓடிப்போய் வேறு கார்டு வாங்கினால், லைன் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை, வளைகுடாவே ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தது. நான் போனைக் காதில் வைத்தபடி கார் ஷெட்டைச் சுற்றி ஓடினேன். ஒருவழியாக அடித்தது.

"யோவ், மரம்... மரம் இருக்கா?"

"இருக்குண்ணே. அண்ணி பிளைட் ஏறும்போதே சொல்லிட்டுப் போச்சே, அண்ணன் என்ன சொன்னாலும் சரி சரின்னு கேட்டுக்கோ, மரத்துல மட்டும் கைவைக்காதேன்னு."

திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து தெற்கு ஜன்னலுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"லைன் கெடச்சிருச்சா?" என்றாள், நிமிராமலே.

கார் ஷெட்டில் இன்னும் கைகளை விரித்தபடி நின்றவரிடமிருந்து நாவறண்ட குரல் வந்தது: "அக்கா, மரத்துக்குத் தண்ணி விடாய்க்குது."