காய்ந்துபோன பற்பசை

எங்கள் ஊர் சேலம் பக்கம் இளம்பிள்ளை. போன மாதம் ஒரு காலையில், மனைவி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டு, சூடான பெட்டியைத் தரையில் வைத்தேன். போன் அடித்ததும் திரும்பினேன். அதற்குள் ஒன்றரை வயது மகள் வந்து பெட்டியில் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

வீறிட்டவளைத் தூக்கினேன். கை சிவந்திருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் பற்பசைதான். நிறையப் பிதுக்கிப் பூசினேன். அழுகை நிற்கவில்லை. மனைவியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்து இறுகிவிட்டது.

"பேஸ்ட் பூசுனது யாருங்க?" என்றார் நர்சம்மா.

"நாந்தானுங்க."

"இதைக் கழுவுனாத்தான் காயம் தெரியுமுங்க. பாப்பாவைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க."

அவர் கரைத்து எடுக்க எடுக்க மகள் துடித்தாள். சுட்டபோதுகூட அப்படி அழவில்லை. அதைப் பார்க்க முடியாமல் மனைவி வெளியே போய்விட்டாள். எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. மரக்கட்டைபோல் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சின்னக் காயந்தானுங்க. சுட்டதும் இருவது நிமிசம் குழாய்த் தண்ணியில கையைக் காட்டியிருக்கோணும். வேற எதையும் பூசக் கூடாதுங்க" என்றார்.

பத்து நாளில் ஆறிவிட்டது. இப்போது மகள் தூங்கிய பிறகுதான் இஸ்திரி போடுகிறேன். பெட்டி ஆறும்வரை நகர்வதில்லை. யாருக்குச் சுட்டாலும் முதலில் குழாயடிக்குத்தான் கூட்டிப்போவேன்.

மகள் எல்லாம் மறந்து என்னிடம்தான் ஓடிவருகிறாள். மனைவி அன்றைய நாளைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவளிடம் சொல்ல முடியாததைத்தான், இதைப் படிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.