மஞ்சள் துணியில் ஒரு பை

மில்லிக்கனில் நான் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் இந்த ஒக்டோபரில் ஒரே மேசையில் இரண்டு கொடிகள் தைக்கிறோம். ஒன்று இந்த நாட்டின் மேப்பிள் இலை. மற்றது கியூபெக்கின் நீலக்கொடி. வெள்ளைச் சிலுவை, நாலு கட்டத்திலும் லில்லிப் பூ. இந்த நாட்டிலிருந்து பிரிந்து போவதா என்று அங்கே வாக்கெடுப்பாம். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள், பிரிய நினைப்பவர்களின் கொடியை இங்கேயே தைத்து, பெட்டியில் அடுக்கி லொறியில் ஏற்றுகிறார்கள். பொலிஸ் வரவில்லை. நான்தான் லொறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்க்கிறேன். பக்கத்து மெசின்காரன் லூக், மொன்றியல் ஆள், உங்கள் கொடியில் என்ன பூ என்று கேட்டான். பூ இல்லை, புலி என்றேன். பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்றான். புலியைச் சுற்றி முப்பத்திமூன்று துப்பாக்கி ரவைகள் இருப்பதைச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை. போதுமானதாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு தையற்கடையில் இருந்தவன் நான். கொடித்துணி கொண்டுவரும் இயக்கப் பெடியள் மஞ்சளுக்கு இன்ன பொருள், சிவப்புக்கு இன்ன பொருள் என்று விளக்குவார்கள். எனக்கு விளங்கியது, மஞ்சள் நல்ல பருத்தி, சாயம் போகாது என்பது மட்டும். பொருளாதாரத் தடைக் காலம். பை தைக்கத் துணி கிடையாது. வெட்டிக் கழித்ததில் புலிவரி பதிந்த ஒரு துண்டை, எங்கள் ஒழுங்கையிலேயே குடியிருந்த தவம் அண்ணையின் புதுக் காற்சட்டைக்குப் பையாக வைத்துத் தைத்துவிட்டேன். வெளியே தெரியாத இடம்தானே. அவருக்கும் சொல்லவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் கொழும்புக்குப் புறப்பட்டார். வழியில் ஓர் இராணுவச் சோதனைச்சாவடியில் பைகளை வெளியே இழுத்துவிடச் சொன்னார்களாம்; புலிவரி தெரிந்ததாம். கூடப் போனவர்கள் வந்து சொன்னது. அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே வரிசையில் நின்று நானும் பைகளை இழுத்துக் காட்டினேன். இரண்டும் வெள்ளை.

போன ஞாயிறு தவம் அண்ணையின் தமக்கை மலரக்கா அஜின்கோர்ட்டிலிருந்து வந்தார். நவம்பரில் மாவீரர்களை மண்டபத்தில் நினைவுகூருகிறார்களாம். தம்பியின் படத்தோடு வைக்க என் கையால் ஒரு கொடி வேண்டுமாம்.

"கொடியைப் பைக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோனவனல்லோ அவன். எனக்குக்கூடச் சொல்லேல்லை. முந்தி அதில சரியான கோவம். இப்ப அதை நினைச்சுத்தான் நிமிர்ந்து நடக்கிறன்."

"ஓம் அக்கா" என்றேன்.

தவம் அண்ணை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: பை ஆழமாக இருக்கட்டும், அடையாள அட்டை விழக்கூடாது. இதைச் சொன்னால் அக்கா பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்? அல்லது இதுவும் என் பயத்துக்கு நான் தேடிய சாட்டோ?

அக்கா கேட்ட கொடியைச் சாப்பாட்டு நேரங்களில் தைத்து நேற்று முடித்தேன். ரவைகளை மூன்று தரம் எண்ணினேன். உள்ளங்கை அளவு மஞ்சள் மிஞ்சியது. லூக் அதைக் குப்பையில் போட எடுத்தான், பறித்துவிட்டேன். ஸ்டீல்ஸ் தெரு பஸ்ஸுக்கு நிற்கும்போது நல்ல குளிர். எல்லோரும் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் அந்தத் துண்டைப் பொத்தியபடி கையை வெளியே வைத்திருந்தேன்.