பண்ணைப் பாலத்தில் நாற்பது மைல்

எங்கள் வீட்டில் பாடசாலையை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போனதும், இப்போது வேலணையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பதும் நான்தான். அதனால் வீட்டுக்கு வரும் கடிதாசி எதுவென்றாலும் முதலில் என் கைக்கு வரும். மின்சார பில், வங்கிக் கடிதம், அம்மாவின் கிளினிக் கொப்பி எல்லாம். அதில் எனக்குப் பெருமை இல்லையென்றால் அது பொய். காரின் புகைப் பரிசோதனைக்கு அப்பாவோடு நானும் வெளிக்கிட்டது அந்தப் பெருமையில்தான்.

அப்பா வாடகைக் கார் ஓடுகிறவர். வேலணையிலும் கரம்பொனிலும் ஆட்களை ஏற்றி, நயினாதீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் துறையில் இறக்கிவிடுவார். கார் அவரைவிட வயதில் மூத்தது. தெற்கில் கடை வைத்திருந்த எங்களூர் முதலாளி ஒருவர் கனடாவுக்குப் போகும்போது அப்பாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். யுத்த காலத்தில் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அப்பா அதை மண்ணெண்ணெய்யில் ஓடும்படி மாற்றினார். பொனற்றுக்குள் ஒரு சின்னத் தகரத் தாங்கி. அதிலிருந்து ஒரு சேலைன் குழாய். குழாய் வழியாகச் சில சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவாராம். பெற்றோல் திரும்பி வந்ததும் தாங்கியைக் கழற்றினார், குழாயைக் கழற்றினார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பரிசோதனைக்குப் போன அன்றோடு காரின் வருட லைசென்ஸ் முடிந்தது. புகைச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் புது லைசென்ஸ் கிடைக்காது. லைசென்ஸ் இல்லாமல் காரை வீதியில் இறக்க ஏலாது. கொழும்பில் ஒருவர், கல்யாண வீட்டுக்காரர் நின்று படம் எடுப்பதற்காக, அந்தக் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தமுறை பாஸாகேல்லையெண்டால் குடுத்திடுவம்" என்று அப்பா முதல்நாள் சொன்னார். சொல்லிவிட்டு, காலையில் கழுவிய காரை மறுபடியும் கழுவினார்.

நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு கிழமை வாசித்துப் பார்த்து, புது பிளக் போடவைத்தேன், காற்று வடிகட்டியை மாற்றவைத்தேன். பாடசாலை விடுமுறை. காலை ஒன்பது மணிக்கே யாழ்ப்பாணத்தில் பரிசோதனை நிலையத்தில் நின்றோம்.

பரிசோதிக்கிறவருக்கு நாற்பது வயதிருக்கும். சைலன்சருக்குள் குழாயைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணை, இப்பவும் மண்ணெண்ணெய்யிலயோ ஓடுறியள்?"

"இல்லைத் தம்பி. சத்தியமாப் பெற்றோல்."

"எனக்குச் சத்தியம் போதும். மிசினுக்குப் போதாது."

கடதாசி வந்தது. சித்தியடையவில்லை. அப்பா கையை நீட்டுமுன் நான் அதை வாங்கிப் படித்தேன். ஏன் சித்தியடையவில்லை? எரியாத பெற்றோல் புகையோடு வெளியேறுகிறது, காற்று குறைந்து பெற்றோல் கூடிவிட்டது, காபரேற்றரில் கொஞ்சம் குறைத்துவிட்டால் சரி என்று பரிசோதிக்கிறவருக்கே விளங்கப்படுத்தினேன்.

"நீங்கள் ரீச்சரோ?" என்று கேட்டார்.

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"கேள்வியையும் கேட்டு மறுமொழியையும் நீங்களே சொல்லுறியள். காபரேற்றர் குறைச்சுத்தான் கிடக்கு, ரீச்சர். இன்னும் குறைச்சால் கார் நிண்டிடும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

பரிசோதிக்கிறவர் காருக்குள் ஏறி இருந்து அக்சிலேற்றரை அமத்தினார். மீண்டும் அமத்தினார். குனிந்து கால்பக்கம் பார்த்தார்.

"இதென்னண்ணை கீழ?"

"அது பலகை" என்றார் அப்பா.

"பலகையெண்டு தெரியுது. ஏன் கிடக்கு?"

"மண்ணெண்ணெய் காலத்தில அடிச்சனான். ஒரு போத்தில் எண்ணெய்க்கு நாள் முழுக்க அலைஞ்ச காலமெல்லோ. இருவத்தைஞ்சு மைலுக்கு மேல ஓடினால் குடிச்சுத் தள்ளிடும். அதுதான் மிதி அதுக்கு மேல போகாமல் ஒரு பனைத்துண்டை வைச்சு இறுக்கினனான்."

"சண்டை முடிஞ்சது அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியும் தம்பி. கார் அப்பிடியே பழகிட்டுது."

நானும் இரண்டு வருடமாக அந்தக் காரை ஓடியிருக்கிறேன். மிதி நிற்கும் இடம்தான் காரின் முழு வேகம் என்று நம்பியிருந்தேன். பிள்ளைகளிடம் "ஏன் என்று கேளுங்கோ" என்று நாளுக்கு நாலு தரம் சொல்லுகிற நான், ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

அவர் இறங்கி வந்து சொன்னார். "இவ்வளவு காலமும் தவழ்ந்து தவழ்ந்து எஞ்சினெல்லாம் கரி பிடிச்சுப்போச்சு. ஓடினால்தான் அந்தக் கரி போகும். பலகையைக் கழட்டுங்கோ. மூண்டாம் கியரில அமத்திப் பிடிச்சு, பாலம் தாண்டி மண்கும்பான் மட்டும் போயிட்டு, சூடு ஆறமுதல் கொண்டுவாங்கோ. இன்னொருக்காப் பாப்பம்."

திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. நான் நிலத்தில் முழங்காலில் இருந்து கழற்றினேன். அப்பா பக்கத்தில் நின்று, "மெல்லப் பிள்ளை, மெல்ல" என்றார், ஏதோ காருக்கு நோகும் என்பது போல.

முதலில் அவர்தான் ஓடினார். நகரம் முடிந்து பண்ணைப் பாலம் தொடங்கியது. இரண்டு பக்கமும் கடல். ஊசி இருபத்தைந்தில் நின்றது.

"அமத்துங்கோ அப்பா."

"அமத்திறன்தானே."

"இல்லை அப்பா. ஊசி அசையேல்லை."

இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினார். பிறகு காரை ஓரமாக நிறுத்தினார். "பலகை நிண்ட இடத்துக்கு அங்கால கால் போகுதில்லைப் பிள்ளை. நீ ஓடு."

இடம் மாறினோம். மூன்றாம் கியரில் போட்டு அமத்தினேன். மிதி எப்போதும் நிற்கும் இடத்தைத் தாண்டிக் கீழே போனது. கார் ஒரு தரம் இருமியது, இரண்டு தரம் இருமியது, பிறகு நான் கேட்டேயிராத ஒரு குரலில் உறுமத் தொடங்கியது. முப்பது. முப்பத்தைந்து. காற்று வரும் ஓட்டைகளிலிருந்து பழைய தூசியும் காய்ந்த வேப்பிலையும் என் மடியில் கொட்டின. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் யாழ்ப்பாணமே தெரியவில்லை. அவ்வளவு கரும்புகை.

அப்பா ஒரு கையால் கதவையும் மறு கையால் கதிரையின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டார். முன்னால் வேலணை பஸ் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கார் பஸ்ஸை முந்தி நான் கண்டதில்லை. வீதி வெளித்ததும் முந்தினேன். மிதிபலகையில் நின்ற கொண்டக்ரர் அப்பாவைத் தெரிந்தவர்.

"என்னண்ணை, கார் பத்தி எரியுதோ?" என்று கத்தினார்.

அப்பா தலையை வெளியே போட்டார். "பத்தேல்லை. மகள் ஓடுறா."

"அப்ப நாங்கள் விலத்தி நிக்கிறம்."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரிப்பது கேட்டது. ஊசி நாற்பதைத் தொட்டது. நான் காலைக் கொஞ்சம் இளக்கினேன். அப்போதுதான் அப்பா கதவிலிருந்து கையை எடுத்தார்.

"ஏன் குறைக்கிறாய்?" என்றார். "பிடி."

மண்கும்பானில் திருப்பினோம். திரும்பும் வழியில் கண்ணாடியில் புகை மெல்லிசாகியது. பாலத்தின் நடுவில் வந்தபோது பின்னால் வீதி தெரிந்தது, மீன்பிடி வலைக்கு நட்ட தடிகள் தெரிந்தன, அவற்றில் இருந்த கொக்குகளும் தெரிந்தன. அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்து, "இப்ப வெள்ளை. இப்ப ஒண்டுமில்லை" என்று எனக்கு அறிவித்துக்கொண்டு வந்தார்.

எஞ்சினை நிறுத்தாமலே மீண்டும் குழாயைச் செருகினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைப் பார்த்தேன். சாரத்தின் விளிம்பைக் கசக்கிக்கொண்டிருந்தது. பரிசோதிக்கிறவர் திரையைப் பார்த்து, "ம்" என்றார். பிறகு அச்சடித்த தாளை எனக்குத் தராமல் அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எந்த இடத்தில பாஸ் எண்டு போட்டிருக்கு?"

காட்டினேன். அந்த இடத்தில் பெருவிரலை வைத்தார். நான் காரை ஓடி வேலணைக்கு வந்து சேரும்வரை விரலை எடுக்கவில்லை. பிரதேச செயலகத்தில் லைசென்ஸ் பகுதி மூடுவதற்கு முன்னே போய்ச் சேர்ந்தோம். புது லைசென்ஸ் தாளை முன்கண்ணாடியில் அவரே ஒட்டினார், நான்கு மூலையையும் நகத்தால் தேய்த்து.

ஒட்டி முடிக்கவும் தொலைபேசி அடித்தது. கரம்பொனிலிருந்து வழமையாக வரும் ஒரு அக்கா, நாளை விடிய நயினாதீவுக்குப் போகவேண்டுமாம்.

"ஓம், கார் இருக்கு. ஏன் விக்கிறன்?" என்றார் அப்பா. பிறகு குரலைச் சற்று உயர்த்தினார், செயலக வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று. "வழமைபோல அஞ்சு மணிக்கு வெளிக்கிடத் தேவையில்லை அக்கா. ஆறுதலாத் தேத்தண்ணி குடிச்சிட்டு நில்லுங்கோ. அஞ்சரைக்கு வந்தாலும் படகைப் பிடிச்சிடுவன்."