மார்கழிக் கோலமும் செம்பாறை ஓட்டமும்

அகஸ்டின் ஐம்பது வயதுவரை ஓடியதே கிடையாது. சுலே பகோடா முனையில் பஸ் கிளம்பிவிட்டால்கூட ஓட மாட்டார். அடுத்தது வரட்டும் என்று லப்பெயே என்கிற பர்மிய டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ரங்கூனில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஓட்டப்பாதை போட்டுக்கொடுக்கும் நிபுணர் என்று பெயர் வாங்கினார். எங்கள் சபையில் இதைக் கேட்டவர்கள் ஜெபத்தின் நடுவிலேயே சிரித்தார்கள். நானும்தான்.

எல்லாம் ஒரு காலண்டர் படத்தால் வந்தது. ரங்கூனின் கியாக்டடா பேட்டையில் தண்ணீர் பம்பு விற்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் கிளை ஆபீஸில் அகஸ்டின் தலைமைக் குமாஸ்தா. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே மேனேஜராக வந்த ஹாலிஸ் துரை, அமெரிக்காவில் ஏதோ பாலைவனத்துப் பக்கம் பிறந்தவர். அவர் மேசைக்கு எதிரே அந்தக் காலண்டர் தொங்கும். வானம் முட்டச் சிவந்த பாறைகள், நடுவே ஒற்றையடிப் பாதை, அதில் ஒரு ஆள் ஓடிக்கொண்டிருப்பார். வெளியே மழை கொட்டும்போதெல்லாம் துரை அந்த ஆளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. துரை பெருமூச்சு விட்டால் அகஸ்டின் மனசுக்குள் கணக்குப் போடுவார். துரை போனால் ஆபீஸ் போகும், ஆபீஸ் போனால் இந்த வயதில் அவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

ஒரு நாள் துரை கேட்டார்: "இந்த நாட்டில் சிவப்பாக ஒரு பாறைகூடக் கிடையாதா, அகஸ்டின்?"

"இருக்கு சார், ஊருக்கு வெளியே கியாக்தான் பக்கம். அங்கே எல்லாப் பாதையும் எனக்கு அத்துப்படி."

எல்லாப் பாதையும் என்பது ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த செம்புறாங்கல் குவாரி. ரோட்டுக்குக் கல் வெட்டிய பள்ளம், மாட்டு வண்டித் தடம், அவ்வளவுதான். பொய் சொல்லிவிட்டாரே தவிர, அதற்குப் பிறகு அதை நிஜமாக்க நாயாய் அலைந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிப் போய்க் குவாரியெல்லாம் நடந்து பார்த்தார். எருமை இறங்கும் சரிவுக்கு 'பிசாசுப் படிக்கட்டு' என்று பெயர் வைத்தார். லாரி நிற்கும் மேட்டுக்கு 'கழுகுச் சிகரம்'. அங்கே காக்கைதான் உண்டு. துரை போய்ப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். அடுத்த மாதமே தூதரகத்து ஆட்கள், எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

வேலை இப்படி நடக்கும். மத்தியானம் அகஸ்டின் போய் வழியெல்லாம் அரிசிமாவால் குறி போட்டுவருவார். அம்பு இருந்தால் அந்தப் பக்கம் போ. வட்டம் இருந்தால் வழி பிரிகிறது, சுற்றிலும் தேடு. சாயங்காலம் துரைமார் குறியைப் பார்த்து ஓடுவார்கள், அகஸ்டின் முடிவிடத்தில் டீக்கடையில் வாழைப்பழத்தோடு காத்திருப்பார். ஐந்து பேருக்கு மேல் கூடினாலே ராணுவம் கேள்வி கேட்கும் ஊரில் இதற்கெல்லாம் அனுமதி வேண்டும். வட்டாரத் தலைவர் ஊ டின் ஷ்வே கொடுத்தார், அகஸ்டின் பெயரில்: குவாரிக்குள் எப்படி வேண்டுமானாலும் ஓடலாம், கிராமத்துக்குள் ஒரு வெள்ளைக்காரர் கால் வைத்தாலும் ஜெயிலுக்குப் போவது அகஸ்டின்.

ஒரு டிசம்பரில், கிளையை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று முடிவு பண்ணத் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். அவரும் ஓட்டக்காரி. ஞாயிறு மத்தியானம் விமானம் என்பதால் ஓட்டத்தைக் காலையில் வைத்தார்கள். எனவே அகஸ்டின் சனிக்கிழமை சாயங்காலமே குறி போட்டார். குவாரிக்குத் திரும்பும் இடம் ஒரு தமிழ்க் கிராமத்தின் தெருமுனை. அங்கே பெரிதாக ஒரு அம்பு போட்டு, கிறிஸ்துமஸ் பலகாரத்தை நினைத்துக்கொண்டே வீடு திரும்பினார். அது மார்கழி மாதம் என்பது அவர் நினைப்பில் இல்லை. ஞாயிறு விடியலில் சர்ச் மணி கேட்டு எழுந்து மனைவி ரெபேக்காவோடு பாட்டுப் புத்தகம் தேடிப் பழகியவருக்கு, மார்கழி விடியலில் ஒரு இந்துத் தெரு எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்?

மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. அந்தக் கிராமத்து வடிவேல் சைக்கிளில் வந்து இறங்கினான். பெரியவர்களை பர்மிய வழக்கப்படி சயா என்றுதான் கூப்பிடுவான்.

"சயா, ஒங்க தொரைங்க எங்க தெருவுல சுத்துறாங்க. எம் பொஞ்சாதி செல்லக்கண்ணு வாசலுக்கே மூணு தரம் வந்து குனிஞ்சு பாத்துட்டுப் போய்ட்டாங்க. என்னத்தத் தேடுறாங்க?"

அகஸ்டினுக்கு விளங்கிவிட்டது. பெண்கள் விடியலில் எழுந்து தெருமுனைவரை கூட்டி, சாணி தெளித்து, அவருடைய அம்பை அழித்துவிட்டார்கள். பிறகு வாசல் வாசலாக அதே அரிசிமாவில் கோலம் போட்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் அவர் ஓடினார். லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயிறு குலுங்க, ஒரு செருப்பைக் குவாரியில் விட்டுவிட்டு ஓடினார். ஊ டின் ஷ்வே வருவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் வேலையும் மிஞ்சும், தானும் வெளியில் இருக்கலாம் என்ற ஒரே நினைப்பு.

தெருவில் துரைமார் ஆளுக்கொரு கோலத்தின் மேல் குனிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லக்கண்ணு போட்ட சிக்குக்கோலத்தின் முன்னால் ஹாலிஸ் துரை தலையில் கை வைத்து நின்றார். ஒரே இடத்தில் இத்தனை வழி பிரிகிறதா, அகஸ்டினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அவருக்குக் குழப்பம். தலைமை ஆபீஸ் அம்மாள் தேடித் தேடி மாரியம்மன் கோயில்வரை போய், ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து வாழையிலையில் வெண்பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அகஸ்டின் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம். ஊ டின் ஷ்வே இறங்கி, தரையைக் காட்டிப் பர்மியத்தில் கத்தினார்.

"வெளிநாட்டாருக்கு இங்கே ரகசியக் குறி போட்டது யார்?"

அகஸ்டின் அவசரமாக ஒரு பொய் தேடியதை நான் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அதற்குள் செல்லக்கண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் போட்டேன்."

"நான்தான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எதிர்வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். தெருவே சொன்னது.

"எதற்காக?"

"மகாலட்சுமி வரணும்னு இந்த மாசம் முழுக்கப் போடுறோம். இவங்க வந்து நின்னா நாங்க என்ன செய்ய, ஊ டின் ஷ்வே?"

ஊ டின் ஷ்வே தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். சதி என்று எழுதினால் ஒரு தெருவையே பிடித்துப் போக வேண்டும், லட்சுமிக்கும் விசாரணை வைக்க வேண்டும். நேரே கோயிலுக்குப் போய் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு இலை கேட்டார்.

அம்மாள் இப்படி ஒரு ஓட்டம் உலகத்தில் எங்கும் ஓடியதில்லை என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். கிளை பிழைத்தது. ஆனால் ஹாலிஸ் துரை அகஸ்டின் ஓடி வந்ததைப் பார்த்துவிட்டார். இவ்வளவு நாள் திறமையை மறைத்துவிட்டாயே என்று கட்டிப்பிடித்து, இனி வாராவாரம் நீயும் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிசாசுப் படிக்கட்டுக்குத் தான் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அகஸ்டினுக்கு அடுத்த வாரமே தெரிந்துவிட்டது.

2003-இல் எங்கோ ஒரு தேசத்தில் யாரோ பர்மாவோடு வியாபாரம் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட, கிளை மூடியது. அதைத் தடுக்க எந்தத் தெருவும் முன்னால் வந்து நிற்கவில்லை. ஹாலிஸ் துரை போகும்போது அழுதார், தன் ஓட்ட ஷூவை அகஸ்டினிடம் கொடுத்தார். அது அகஸ்டின் காலுக்குப் பெரிசு. வேலைக்காக ஓட ஆரம்பித்தவருக்கு வேலை போயும் ஓட்டம் நிற்கவில்லை. எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

அந்த மார்கழியில் ஒரு காலை, ஷூவுக்குள் துணி அடைத்துக்கொண்டு தனியாகக் குவாரியைச் சுற்றி ஓடி அந்தத் தெருவுக்கு வந்தார். செல்லக்கண்ணு கோலத்தின் ஓரத்தில் அடுப்படியைக் காட்டி ஒரு அம்பு போட்டுவைத்திருந்தாள்.

"தொரையும் இல்ல, ஆபீஸும் இல்ல. இன்னும் யாருக்காக ஓடுறீங்க சயா?"

"ஒக்காந்தா பயமா இருக்கு செல்லக்கண்ணு."

அவள் உள்ளே போய் இலையில் பொங்கல் கொண்டுவந்தாள். அகஸ்டின் அன்று நின்றுகொண்டே சாப்பிட்டார்.