சாக் பவுடர் கலந்த சுவர்

நான் வாழ்க்கைப்பட்டது பட்டுக் குடும்பத்தில். மாமனார் வீட்டில் யார் புடவையைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி, "கலப்பு உண்டா?" என்பதுதான். பேச்சோடு பேச்சாக ஒரு இழையைப் பிய்த்துக் கொளுத்தி, முகர்ந்தும் பார்த்துவிடுவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, படித்த வேதியியல் வீணாகக் கூடாதென்று ஆரணியில் ஒரு சின்ன பெயிண்ட் பட்டறை ஆரம்பித்தேன்.

முதல் வேலை எங்கள் புது வீட்டுக் கூடம். கிரகப்பிரவேசத்துக்கு நெசவாளர் தெருவே வரும். சுவர் நன்றாக அமைந்தால் பட்டறை பிழைக்கும். சொதப்பினால் ஊரில் ஒரு டப்பாகூட விற்காது.

நான் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது கணவர் வந்து நின்றார்.

"இன்னா இது, இவ்ளோ சாக் பவுடர் கலந்துகினு கீற? நம்ம வூட்டுக்காவது ஒரிஜினலா போடு."

"அதுவும் சேர்ந்தாதாங்க பெயிண்ட்டு. மஞ்ச பிக்மென்ட் கலருக்கு, டைட்டானியம் வெள்ளை சுவத்த மறைக்கறதுக்கு, இந்தப் பொடி பெயிண்ட்டுக்கு உடம்பு குடுக்கறதுக்கு."

"ஊரே சிரிக்கும்!"

கோபம் வந்தால் எனக்கு விளக்கம் சொல்ல வராது. உங்கள் ஆசைப்படியே ஆகட்டும் என்று பொடியே இல்லாமல் நிறமியையும் வெள்ளையையும் சுவரில் ஒட்டவைக்கும் பிசினையும் மட்டும் கலக்கிக் கொடுத்தேன்.

சந்தன நிறம் என்னவோ அருமையாக வந்தது. ஆனால் மறுநாள் காலை ஜன்னல் வெயில் பட்டதும் சுவர் எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுத்தது. கொத்தனாரின் கைவரிசை மேடு பள்ளம் ஒன்று விடாமல் தெரிந்தது. பொடி சேர்ந்திருந்தால் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாகி, வெளிச்சத்தைச் சிதறடித்து அதையெல்லாம் மறைத்திருக்கும். விலையைக் குறைக்க மட்டும் அதைச் சேர்ப்பதில்லை.

கணவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேஜாராப் போச்சே" என்றார். நான் பொடி மூட்டையை இழுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஜல்தியா உன் பொடியப் போட்டு இன்னொரு கோட்டு அடிச்சிடலாமா?"

சுவரை லேசாகத் தேய்த்துவிட்டு, இருவரும் சேர்ந்தே கலக்கி அடித்தோம். காய்ந்ததும் மினுமினுப்பு போன இடம் தெரியவில்லை. சுவர் அப்படியே அரைத்த சந்தனம். எனக்கு ஆடலாம் போலிருந்தது.

விழாவன்று, பட்டு வியாபாரத்தில் ஊறிப்போன மாமனாரின் அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்தார். "நல்லா கீதும்மா. கலப்பு ஒண்ணும் இல்லியே?"

கூடமே என் பக்கம் திரும்பியது. எனக்குப் பொய் சொல்ல வராது, உண்மையைச் சொன்னால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதற்குள் கணவர் குரல் உரக்கக் கேட்டது. "கீதுங்க பெரிப்பா. மூட்டை மூட்டையா சாக் பவுடர் கீது. அது வாணாம்னு அடிச்சு, மேடு பள்ளமெல்லாம் தெரிஞ்சு நான்தான் அசிங்கப்பட்டேன்."

பட்டுக்காரர் ஒருவர் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கலப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதை நான் கேட்டதே இல்லை. எனக்காகச் சொன்னார்.

பெரியவர் இன்னொரு முறை சுவரைத் தடவினார். "அப்ப எங்க வூட்டுக்கும் அந்தப் பொடியவே கலந்து அனுப்பும்மா" என்றார்.