சேலை வேலிக்குள் உதிர்ந்த மிளகாய்ப் பூக்கள்

கடந்த ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை ஒட்டுசுட்டானுக்குப் போனேன். கோயிலுக்கும் இல்லை, கலியாணத்துக்கும் இல்லை. மிளகாய்ப் பூ உதிர்வதைப் பார்க்க. பெரியம்மாவின் மகள் இந்திரா அக்கா தொலைபேசியில் அழாத குறை. மாரிமழையை நம்பி விதைக்கும் பெரும்போகத்தில் நெல்லை யானை மிதித்துவிட்டது. மிளகாயும் போனால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வவுனியாவுக்கு வேலை தேடி வரவேண்டியதுதான். நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த பாவத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

வவுனியாவில் காலை 6.40 பஸ். சுமார் அறுபது கிலோமீட்டர், 260 ரூபாய், 8.55க்கு இறங்கினேன். வழியெல்லாம் கைத்தொலைபேசியில் படித்ததில்தான் குழப்பம் தொடங்கியது. ஒக்சின் என்று செடிக்குள் ஓடும் ஒரு ஹோர்மோன். நாற்றில் வெப்பம் கூடினால் அது நன்றாக ஓடித் தண்டை நீட்டுகிறதாம். மிளகாய்ப் பூவிலோ, கடும் சூட்டில் அதன் ஓட்டம் குறைகிறதாம்; ஓட்டம் குறைந்தால் காம்பு பூவைக் கைவிட்டுவிடும். ஒரே ஹோர்மோன், ஒரே சூடு, இரண்டு கதை! தோட்டத்துக்கு இன்னும் நாலு கிலோமீட்டர், ஆட்டோ 400 ரூபாய். தாங்காமல் ஆட்டோக்காரரிடமே கேட்டேன்.

“இந்த வெயிலுக்கு நாங்களே விழுறம், பூ விழாதோ?” என்றார்.

மயிலுக்குப் பயந்து அக்கா தோட்டத்தைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார். உள்ளே காற்றில்லை. நிலமெல்லாம் வெள்ளைப் பூ. யானை வேலியைக் கிழித்த கிழக்கு மூலையில் மட்டும் செடிகளில் பூ உதிராமல் நின்றது.

“அங்கை மண் வேறையோ தம்பி?”

“தெரியேல்லை அக்கா.”

பையில் இருந்தது காய்ச்சல் பார்க்கும் கருவி மட்டுந்தான். மதியம் நடுத்தோட்டத்தில் 39.4 காட்டியது, கிழிந்த மூலையில் 35.1. அக்கா சிரித்துவிட்டார். “செடிக்குக் காய்ச்சலோ?”

“சீலையைக் கழட்டுங்கோ அக்கா.”

“அப்ப மயில்?”

கைத்தொலைபேசியில் படித்த பக்கங்களை மறுபடி திறந்து மயிலைத் தேடினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சும்மாவா? வெட்கமாக இருந்தது. 2.30 பஸ்ஸில் திரும்பினேன்.

போகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். மாலை ஐந்துக்கு முன் திரும்புங்கள், யானை வரும். மிளகாய் நட்டிருந்தால் காற்று வர வழி விடுங்கள். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அக்கா தொலைபேசி எடுத்தார். “பூ நிண்டிட்டுது தம்பி, பிஞ்சும் பிடிச்சிட்டுது.”

“மயில் வரேல்லையோ?”

“அது விடியவும் பொழுதுபடவும்தானே வரும். அந்த நேரம் கட்டுறன், ஒன்பது மணிக்கு அவிழ்க்கிறன். நான் ஒரு சீலையோடை நிக்கிறன், தோட்டத்துக்கு நாளுக்கு ரெண்டு தரம் உடுத்தி விடுறன். குத்தகைக்குக் காணியைக் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிப்போட்டன்.”