கிரேக்கத்துக்குப் போகாமல் தாராவிக்குப் போனேன்

கிரேக்கர்களின் பழைய சமயத்தை ஆராய்ந்த ஓர் ஆங்கிலேயப் பேராசிரியையின் புத்தகங்களைப் பற்றிப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். படித்தவர்களில் சிலர், கிரேக்கம் போக எந்த மாதம் நல்லது என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே போனதே இல்லை. அறுபதுகளின் நடுவில், ஒரு கோடை விடுமுறையில், அந்தப் புத்தகங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் போனது பம்பாய்க்கு. நீங்களும் அங்கேயே போகலாம் என்பது என் கட்சி.

மலை உச்சியில் வாழும் அழகான தேவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். இந்த அம்மையாரோ அவர்களுக்கும் முந்திய, பயந்து பயந்து சோறு படைக்க வேண்டிய மண் சாமிகளைத் தேடினார். முதலில் சடங்கு, அதற்குக் காரணம் சொல்லப் பின்னால் வந்ததே கதை என்பது அவர் வாதம். பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியையாக இருந்த எனக்கு அதைக் கண்ணால் பார்க்க ஆசை. ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்குப் போனால் பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று விரட்டுவார்கள். என் பள்ளித் தோழி செல்லக்கனி தாராவியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கணவர் சுடலைமுத்து தன் தோல் பட்டறை முற்றத்திலேயே மாடனுக்குப் பீடம் போட்டுச் சித்திரையில் கொடை நடத்துவார். அங்கே ஆண், பெண் எல்லோரும் ஒரே முற்றம்தான்.

மெட்ராஸிலிருந்து ரயிலில் ஒன்றரை நாள். தாதரில் இறங்கி, மாட்டுங்காவில் உறவுக்கார மாமி வீட்டில் தங்கினேன். இட்லியும் காப்பியும் ஊரை மறக்கடிக்காமல் பார்த்துக்கொண்டன. தாராவிக்கு நடந்தே போகலாம், அரை மணிதான். “அவசியம் போகணுமாடீ? புடவையெல்லாம் தோல் வாடை ஏறிடும்” என்றார் மாமி. ஏறத்தான் செய்தது. துவைத்தால் போய்விடும்.

பட்டறை வாசலில் செல்லக்கனியின் முகம் சரியில்லை. மூன்று நாள் முன்பு சுடலைமுத்துவின் வலக்கை இயந்திரத்தில் மாட்டி விரல்கள் போய்விட்டன. பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“வருசா வருசம் மாடனுக்கு மொத இலை போடுத கைடீ அது. ‘சாமி என்னைய வேண்டாம்னு தள்ளிட்டு’ன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்காவ. பச்சத் தண்ணி பல்லுல படல. இப்பிடியே கெடந்தா என்ன ஆவாவன்னு பயமா இருக்கு” என்றாள்.

மதியம் கொடை நடந்தது. சாமியாடி பேச்சிமுத்து அண்ணாச்சி ஆடி முடித்ததும் கறிச்சோறு படைத்தார்கள். மாடனுக்குப் படைத்ததை அங்கேயே சாப்பிட வேண்டும். மிச்சத்தைப் புதைக்க வேண்டும். எல்லை தாண்டக் கூடாது. இதே விதி கிரேக்கக் கோயில்களிலும் உண்டு என்று படித்திருந்ததால் எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்லக்கனியோ கையில் தூக்குச்சட்டியோடு நின்றாள்.

“அண்ணாச்சி, ஒரு வாய் அவியளுக்குக் கொண்டு போறேன்.”

“எல்லை தாண்டப்பிடாது தாயி. அவனுக்கு இன்னும் என்னமும் வந்துட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

அவர் பயமும் நியாயமானதுதான். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

“கிரேக்க நாட்டுல இதையே கல்லுல வெட்டி வச்சிருக்காவ அண்ணாச்சி. எல்லாரும் ஒழுங்கா நடந்திருந்தா கல்லுல எதுக்கு வெட்டணும்? எடுத்துட்டுப் போனவுக நெறையப் பேரு இருந்திருக்கணும்.”

“போனவனுக்கு என்ன ஆச்சாம்?”

“அதை எழுதி வைக்கல.”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். பீடத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை இலையில் அள்ளினார். “கட்டிலச் சுத்தித் தூவுவோம். அதுவும் மாடன் எல்லைதான். சலேகா” என்றார். பம்பாய் இந்தியில் ‘நடக்கும், பரவாயில்லை’ என்று அர்த்தம்.

மாலை பார்வையாளர் நேரத்தில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணாச்சி மண்ணைத் தூவினார். செல்லக்கனி சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனாள். சுடலைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பிரசாதத்தைக் கையில வாங்கணும்லா? நான் எந்தக் கையில வாங்க?” என்றார்.

இதற்கு என் புத்தகத்தில் பதில் இல்லை. அண்ணாச்சிதான் பேசினார்.

“ஏய் முத்து, மாடன் வலக்கையில என்ன வச்சிருக்கான்?”

“வல்லயம்.”

“ஈட்டியக் கீழ வச்சிட்டா திங்கான்? அவன் இடக்கையிலதாம்ல வாங்குவான். ஆதியிலேயே அப்பிடித்தான்.”

அப்படி ஒரு கதையை நான் கேட்டதில்லை. அண்ணாச்சியும் அந்த நிமிடம் வரை கேட்டிருக்க மாட்டார். சுடலைமுத்து இடக்கையை நீட்டினார். செல்லக்கனி அழுதாள், நானும் அழுதேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: சித்திரையில் போங்கள், மாட்டுங்காவில் தங்குங்கள், நல்ல புடவை வேண்டாம். நான் பிறகு இரண்டு முறை போனேன். முதல் இலையைச் சுடலைமுத்துவே போட்டார், இடக்கையால். வந்திருந்த அத்தனை பேரும் இடக்கையை நீட்டியே சோறு வாங்கினார்கள். ஏன் என்று கேட்டால் ஆதியில் மாடன் வல்லயத்தோடு சாப்பிட்ட கதையைச் சொல்வார்கள். திருத்தப் போகாதீர்கள். நீங்களும் இடக்கையை நீட்டுங்கள்.